பத்து வருஷ லாபத்தை இன்றைய ரூபாய்க்கு மாற்றி, ஒரே ஒரு கம்பெனியை எடை போடலாமா?

#1 மலைக்கோட்டை

வணக்கம். பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தால் பிஇ. ஒரு வருஷ லாபத்துக்குப் பதில், பணவீக்கம் திருத்திய பத்து வருஷ சராசரி லாபத்தால் வகுத்தால் அது கேப் என்கிற ஷில்லர் பிஇ. அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நிஃப்டி மாதிரி சந்தைக் குறியீட்டோடு நின்றுவிடுகிறோம். அதே கணக்கைத் தனிக் கம்பெனிக்குப் போட்டால் எது சரிவரும், எங்கே காலை வாரும் என்று ஒரே இடத்தில் பேசி வைக்கலாம் என்றுதான் இந்த இழை.

மாதிரிக்கு ஓர் உலோகக் கம்பெனி. இபிஎஸ் (ஒரு பங்குக்கான லாபம்) எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. பெயர் சொன்னால் பேச்சு 'வாங்கலாமா, விற்கலாமா' பக்கம் போய்விடும். சிபிஐ (நுகர்வோர் விலைக் குறியீடு) மட்டும் உண்மையானது: மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் கிராமம், நகரம் சேர்ந்த சிபிஐ, 2012=100, நிதியாண்டு சராசரி.

ஆண்டு | இபிஎஸ் | சிபிஐ | 2024-25 ரூபாயில்
2015-16 | 6 | 124.7 | 9.27
2016-17 | 9 | 130.3 | 13.30
2017-18 | 14 | 135.0 | 19.97
2018-19 | 18 | 139.6 | 24.83
2019-20 | 7 | 146.3 | 9.22
2020-21 | 16 | 155.3 | 19.84
2021-22 | 41 | 163.8 | 48.21
2022-23 | 22 | 174.7 | 24.25
2023-24 | -3 | 184.1 | -3.14
2024-25 | 12 | 192.6 | 12.00

கடைசிக் கட்டம் = இபிஎஸ் × 192.6 ÷ அந்த வருஷத்து சிபிஐ. பணவீக்கம் பார்க்காத சராசரி 14.20, பார்த்த சராசரி 17.78. பங்கு விலை 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பிஇ 25, ஷில்லர் வழியில் 16.9.

25 பார்த்தால் விலை அதிகம், 16.9 பார்த்தால் பரவாயில்லை. எதை நம்புவது?

#2 தராசுமுள்

நல்ல தொடக்கம். முதலில் 25-ஐ ஓரமாக வையுங்கள். உலோகம் மாதிரி லாபம் ஏறி இறங்கும் சுழற்சித் துறையில் ஒரே வருஷத்து பிஇ பெரும்பாலும் தலைகீழாகத்தான் பேசும். உங்கள் அட்டவணையிலேயே 2021-22-இல் விலை 400 இருந்திருந்தால் பிஇ 9.8. பார்க்க மலிவு. ஆனால் அந்த 41 ரூபாய் நிலைக்கவில்லை. பிஇ குறைவாகத் தெரியும்போது லாபம் உச்சியில் இருக்கிறது, அதிகமாகத் தெரியும்போது பள்ளத்தில் இருக்கிறது.

நிஜ எண்ணில் பார்க்க டாடா ஸ்டீல் போதும். துணைக் கம்பெனிகளையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கில் 2021-22 லாபம் சுமார் ரூ.41,700 கோடி. அடுத்த வருஷம் சுமார் ரூ.8,000 கோடி. 2023-24-இல் சுமார் ரூ.4,900 கோடி நஷ்டம். மூன்று வருஷத்தில் மூன்று கம்பெனி மாதிரி இருக்கிறது. இதில் எந்த வருஷத்தை வைத்து பிஇ போடுவது?

இந்தக் கேள்வி புதிதல்ல. பங்கு ஆய்வுப் புத்தகம் எழுதிய கிரஹாமும் டாட்டும் 1934-லேயே சொன்னது இதுதான்: ஒரு வருஷ லாபத்தைப் பார்க்காதே, குறைந்தது ஐந்து வருஷம், முடிந்தால் ஏழு அல்லது பத்து வருஷ சராசரியைப் பார். அவர்கள் பணவீக்கத்துக்குத் திருத்தவில்லை. 1988-இல் பொருளாதார அறிஞர்கள் கேம்பெல், ஷில்லர் இருவரும்தான் பத்து வருஷ லாபத்தைப் பணவீக்கம் நீக்கிய உண்மை மதிப்புக்கு மாற்றி, மொத்தச் சந்தைக்குப் போட்டார்கள். கவனிக்க வேண்டியது, கிரஹாம் சொன்னது தனிக் கம்பெனிக்கு, ஷில்லர் போட்டது குறியீட்டுக்கு. நாம் ஷில்லரின் கருவியை கிரஹாமின் இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிறோம். குறியீட்டில் தானாக நடக்கிற சில விஷயங்கள் இங்கே நடக்காது. அதை ஒவ்வொன்றாகக் கையால் செய்ய வேண்டும்.

உங்கள் 17.78-க்கு உடனடியாக ஒரு சோதனை. 48.21 என்ற ஒரே வருஷம் மொத்தக் கூட்டுத்தொகை 177.75-இல் 27 சதவீதம். அதை எடுத்துவிட்டு ஒன்பது வருஷ சராசரி போட்டால் 14.39, பிஇ 20.8. நடு எண் எடுத்தால் 16.57, பிஇ 18.1. ஆக விடை 16.9 அல்ல, 17-லிருந்து 21 வரை எங்கேயோ இருக்கிறது.

#3 பேரேடு

தராசுமுள் சார் சொன்னதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இபிஎஸ் கட்டம் சுத்தமாக இல்லாவிட்டால் சிபிஐ போட்டு என்ன பயன்? தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

போனஸ், ஸ்பிளிட் முதலில். இன்ஃபோசிஸ் 2014 டிசம்பர், 2015 ஜூன், 2018 செப்டம்பர் என்று மூன்று முறை 1:1 போனஸ் கொடுத்தது. 2014-க்கு முன்னால் வைத்திருந்த ஒரு பங்கு இன்று எட்டுப் பங்கு. 2013-14 ஆண்டறிக்கையில் இபிஎஸ் சுமார் 186 ரூபாய் என்று இருக்கும். அதை அப்படியே தூக்கிக் கட்டத்தில் போட்டால் சராசரி வானத்துக்குப் போகும், பங்கு அநியாய மலிவாகத் தெரியும். எட்டால் வகுத்து சுமார் 23.3 என்று போட வேண்டும். டாடா ஸ்டீல் 2022 ஜூலையில் பத்து ரூபாய் முகமதிப்பை ஒரு ரூபாயாக்கியது. அதற்கு முந்தைய இபிஎஸ் எல்லாம் பத்தால் வகுபடும். டேட்டா தளங்கள் பல இதைத் திருத்தியே காட்டும். இருந்தாலும் ஏதாவது ஒரு பழைய வருஷத்தை எடுத்து, நிகர லாபம் ÷ பங்கு எண்ணிக்கை என்று கையால் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, தனிக் கணக்கா ஒருங்கிணைந்த கணக்கா? பத்து வருஷமும் ஒரே வகையாக இருக்க வேண்டும், துணைக் கம்பெனிகள் இருந்தால் ஒருங்கிணைந்ததுதான். இது எவ்வளவு பெரிய மாற்றம் தரும் என்பதற்கு நிஃப்டியே சாட்சி. 2021 மார்ச் கடைசியில் என்எஸ்இ, நிஃப்டி பிஇ-யைத் தனிக் கணக்கிலிருந்து ஒருங்கிணைந்த கணக்குக்கு மாற்றியது. 40 சுமாரில் இருந்த பிஇ ஒரே நாளில் 33 சுமாருக்கு வந்தது. சந்தை விழவில்லை, கணக்குதான் மாறியது. பழைய நிஃப்டி பிஇ வரைபடத்தோடு இன்றைய எண்ணை ஒப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, கணக்கு முறையே மாறிய வருஷங்கள். பெரிய கம்பெனிகளுக்கு 2016-17 முதல் இந்த் ஏஎஸ் என்கிற புதிய கணக்குத் தரங்கள். குத்தகைக் கணக்கு 2019 ஏப்ரல் முதல் மாறியது. வாடகைச் செலவு போய் தேய்மானமும் வட்டியும் வந்தன. எபிட்டா (வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம்) திடீரென்று உயர்ந்தது போலத் தெரியும், நிகர லாபத்தில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. சில்லறைக் கடைச் சங்கிலிகள், விமானக் கம்பெனிகளில் இது பெரிய தொகை.

நான்காவது வரி. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியின் அடிப்படை விகிதம் 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.17. அதற்கு முன்னால் பெரிய கம்பெனிகளுக்கு 34.94 வரை இருந்தது. முழு வரி கட்டிய கம்பெனிக்கு, வரிக்கு முந்தைய 100 ரூபாயில் முன்பு மிஞ்சியது 65, இப்போது 75. அதாவது பழைய வருஷ லாபம் இன்றைய கணக்குப்படி 13 சதவீதம் குறைவாகத் தெரிகிறது, சமமாக்க 15 சதவீதம் ஏற்ற வேண்டும். நான் 2019-க்கு முந்தைய வருஷங்களை வரிக்கு முந்தைய லாபத்திலிருந்து எடுத்து, புதிய விகிதத்தில் வரி போட்டுக் கொள்வதுதான் நியாயம் என்பேன். கம்பெனி புதிய விகிதத்துக்கு மாறிவிட்டதா என்று வரிக் குறிப்பில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சலுகை மிச்சம் இருந்தவர்கள் சில வருஷம் பழைய முறையிலேயே இருந்தார்கள். மாறிய வருஷத்தில், டெஃபர்ட் டாக்ஸ் (பின்னால் கட்ட வேண்டிய அல்லது கழிக்கக்கூடிய வரி) மறுமதிப்பீட்டால் லாபம் ஒரு தடவை குதித்தோ விழுந்தோ இருக்கும். அதையும் கழற்ற வேண்டும்.

#4 உலோகச்சந்தை

ஒருமுறை வரும் லாப நஷ்டங்களை என்ன செய்வது என்பதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். டாடா ஸ்டீல் 2017-18 லாபம் ரூ.17,000 கோடிக்கு மேல். அதில் கணிசமான பகுதி பிரிட்டன் ஓய்வூதியத் திட்டத்தை மாற்றியமைத்ததில் வந்த ஒருமுறை லாபம். இரும்பு விற்று வந்ததல்ல. அதை எடுத்துவிடலாம் என்பதில் சிக்கல் இல்லை.

ஆனால் 2012-13-ஐ எடுங்கள். 2007-இல் வாங்கிய ஐரோப்பிய ஸ்டீல் கம்பெனி கோரஸின் குட்வில்லை (சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த விலை) 160 கோடி டாலர் அளவுக்குக் குறைத்து எழுதினார்கள், அந்த வருஷம் நஷ்டம் ரூ.7,000 கோடியைத் தாண்டியது. காகித நஷ்டம், ரொக்கம் போகவில்லை என்று எல்லோரும் அதைத் தள்ளிவிடுகிறார்கள். ரொக்கம் 2007-லேயே போய்விட்டது என்பதுதானே உண்மை?

#5 தராசுமுள்

அதே சண்டைதான் அமெரிக்காவில் பேராசிரியர் சீகலும் ஷில்லரும் போட்டது. 2001-க்குப் பிறகு கணக்கு விதி மாறி, குட்வில்லை வருஷா வருஷம் சோதித்துக் குறைத்து எழுத வேண்டியதாயிற்று. ஏஓஎல் டைம் வார்னர் 2002-இல் ஏறக்குறைய 9,900 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. 2008-இல் ஏஐஜி நஷ்டமும் அதே அளவு. இப்படிப் பெரிய நஷ்டங்கள் பத்து வருஷ சராசரியைக் கீழே இழுத்து, கேப்பை மிகைப்படுத்திக் காட்டுகின்றன என்பது சீகலின் வாதம்.

குறியீட்டுக்கு அந்த வாதத்தில் பலம் உண்டு. தனிக் கம்பெனிக்கு நான் மறுபக்கம் நிற்கிறேன். தப்பான விலைக்கு இன்னொரு கம்பெனியை வாங்கியதும் அந்த நிர்வாகத்தின் வேலைதான். அதை அழித்துவிட்டால், பத்து வருஷ சராசரி பார்ப்பதன் நோக்கமே போய்விடும். ஆனால் ஒரே வருஷத்தில் முழுதாகப் போடுவதும் சரியில்லை. வாங்கிய வருஷத்திலிருந்து எழுதித் தள்ளிய வருஷம் வரை சமமாகப் பரப்பிவிடுங்கள். கோரஸ் என்றால் ஆறு வருஷம். பரப்பியதில் எவ்வளவு உங்கள் பத்து வருஷ சாளரத்துக்குள் விழுகிறதோ அது கணக்கில் வரும், மற்றது வராது.

இன்னொன்று: கழற்றினால் இரண்டு பக்கமும் கழற்றுங்கள். நஷ்டத்தை மட்டும் 'எக்ஸெப்ஷனல்' (வழக்கத்துக்கு மாறானது) என்று நீக்கி, நிலம் விற்ற லாபத்தை விட்டுவைத்தால் சராசரி கம்பெனியின் விளம்பரம் ஆகிவிடும். பத்தில் நான்கைந்து வருஷம் 'எக்ஸெப்ஷனல்' நஷ்டம் வருகிறதென்றால் அது அந்தக் கம்பெனியின் வழக்கமான செலவு, எதையும் நீக்காதீர்கள்.

சாதாரண நஷ்ட வருஷத்தை, மலைக்கோட்டையின் -3 மாதிரி, பூஜ்யம் ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கூடவே கூடாது. அது -3 ஆகவே இருக்க வேண்டும்.

#6 கூட்டுவட்டி

சிபிஐயா டபிள்யூபிஐயா? உலோகக் கம்பெனிக்கு மொத்த விலைக் குறியீடுதானே பொருத்தம், அவர்கள் விற்பது மொத்த விலையில்தானே?

#7 தராசுமுள்

சிபிஐதான். நாம் திருத்துவது கம்பெனி விற்கும் பொருளின் விலையை அல்ல. லாபம் பங்குதாரர் கையில் வந்தால் அன்று என்ன வாங்கியிருக்கும், இன்று என்ன வாங்கும் என்பதைத்தான். டபிள்யூபிஐ 2015-16-இல் 3.7 சதவீதம் இறங்கியது, 2021-22-இல் 13 சதவீதம் ஏறியது. அந்த ஏற்ற இறக்கத்தில் உலோகத்துக்கும் எண்ணெய்க்கும் கணிசமான பங்கு உண்டு. அதைக் கொண்டு வகுத்தால், உங்கள் கம்பெனியின் சுழற்சியை அதே சுழற்சியால் வகுத்ததாக ஆகும். அளக்க வந்ததையே அளவுகோலாக்கிய கதை.

நடைமுறையில் இடறும் இடங்கள்:

நிதியாண்டு சராசரியைப் போடுங்கள், மார்ச் மாத எண்ணை அல்ல. லாபம் பன்னிரண்டு மாதத்திலும் சேர்ந்தது. மேலே இருக்கிற எண், அதாவது எந்த ரூபாய்க்கு மாற்றுகிறோமோ அது, பங்கு விலை எந்த மாதத்தில் பார்க்கிறோமோ அந்த மாதத்துக்கு அருகில் வெளியான சிபிஐயாக இருந்தால் இன்னும் சரி. கிராமம், நகரம் சேர்ந்த சிபிஐ வரிசை 2011 ஜனவரியிலிருந்துதான் கிடைக்கிறது. அதற்கு முன்னால் போக வேண்டுமானால் தொழிலாளர் பணியகத்தின் தொழிற்சாலைத் தொழிலாளர் சிபிஐ. அதில் அடிப்படை மாற்றம் ஒரு பள்ளம். 2020 ஆகஸ்டில் 2001=100 அடிப்படையில் 338. செப்டம்பரில் புதிய 2016=100 அடிப்படையில் 118.1. இணைப்புக் காரணி 2.88-ஆல் பெருக்காமல் விட்டால் விலைவாசி மூன்றில் ஒன்றாகிவிட்டதாக எக்செல் நம்பிவிடும். 2001-லிருந்து 1982-க்குப் போக 4.63.

#8 பேரேடு

ஒரு குறை சேர்க்கிறேன். பழைய இபிஎஸ்ஸை சிபிஐயால் ஏற்றினாலும், அந்த லாபத்துக்குள்ளேயே இருக்கிற பணவீக்கக் கோளாறு போகாது. தேய்மானம் பழைய வாங்கிய விலையில் எழுதப்படுகிறது. பதினைந்து வருஷம் முன்பு போட்ட ஆலைக்கு அன்றைய விலையில் தேய்மானம். மாற்ற வேண்டி வந்தால் இன்றைய விலை. அதனால் பழைய ஆலை வைத்திருக்கும் சர்க்கரை, நூற்பு, காகித ஆலைகளில் அறிவித்த லாபம் எப்போதும் கொஞ்சம் ஊதியே இருக்கும். சரக்கு இருப்பு லாபமும் அப்படித்தான்: விலை ஏறும் வருஷத்தில் மலிவாக வாங்கிய நிலக்கரியும் தாதும் லாபமாக மாறும், அதே இருப்பை மறுபடி நிரப்ப அதிகம் செலவாகும்.

எளிய சோதனை ஒன்று. பத்து வருஷ பராமரிப்பு மூலதனச் செலவையும் பத்து வருஷ தேய்மானத்தையும் இன்றைய ரூபாய்க்கு மாற்றி, தனித்தனியாகக் கூட்டி ஒப்பிடுங்கள். உற்பத்தித் திறன் ஏறாமலேயே செலவு தேய்மானத்தைவிட 30, 40 சதவீதம் அதிகம் என்றால், அந்த வித்தியாசத்தில் ஒரு வருஷத்துக்கான பங்கைச் சராசரி லாபத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் பிஇ போட வேண்டும்.

கடன் இருக்கும் கம்பெனிக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பணவீக்கம் கடனின் உண்மையான சுமையைத் தின்கிறது. பொருளாதார அறிஞர்கள் மோடிக்லியானி, கோன் இருவரும் 1979-இல் சுட்டியது அதை. இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு சரிக்கட்டும், முழுக்க அல்ல.

#9 சிமெண்ட்மூட்டை

எனக்கு அடிப்படையிலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. பத்து வருஷத்தில் கம்பெனியே வேறு ஆகிவிடுகிறதே? மறுபடி டாடா ஸ்டீல்: 2018-இல் பூஷண் ஸ்டீலை வாங்கியது. 2024 செப்டம்பர் 30-இல் பிரிட்டனில் உள்ள தன் போர்ட் டால்பாட் ஆலையின் கடைசி ஊதுலையை மூடியது, அங்கே இனி மின் உலை. 2016-இன் லாப நஷ்டம் இன்றைய கம்பெனியைப் பற்றி என்ன சொல்லும்? குறியீட்டில் கம்பெனிகள் வரும், போகும், மொத்தம் ஏறக்குறைய அதே பொருளாதாரம். தனிக் கம்பெனிக்கு அந்தச் சமாதானம் இல்லை.

சிமெண்டிலும் இதே நிலைதான். பத்து வருஷத்தில் திறன் இரண்டு மடங்கான கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே இபிஎஸ் சராசரி போட்டால் பாதிக் கம்பெனியின் லாபத்தை முழுக் கம்பெனியின் விலையோடு ஒப்பிடுகிறோம்.

#10 தராசுமுள்

மறுப்பு சரி. இந்த இழையில் நான் சொல்ல வந்ததே அதுதான்: சராசரி எடுக்க வேண்டியது லாபத் தொகையை அல்ல, லாபம் ஈட்டும் விகிதத்தை. கம்பெனி அளவு மாறாமல் இருந்தால் இரண்டும் ஒன்று. மாறியிருந்தால் விகிதத்தைப் பத்து வருஷத்துக்குச் சராசரி எடுத்து, இன்றைய அளவில் வையுங்கள்.

மலைக்கோட்டையின் கம்பெனியையே எடுப்போம். பங்கு 25 கோடி என்று வைத்தால் 2024-25 லாபம் 300 கோடி. விற்பனை 8,000 கோடி, வட்டி 160 கோடி என்று வைப்போம். 25.17 சதவீத வரியில் பின்னோக்கிப் போனால் வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் சுமார் 561 கோடி, அதாவது விற்பனையில் 7 சதவீதம். பத்து வருஷ சராசரி விகிதம் 9 சதவீதம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம்.

8,000 × 9% = 720 கோடி
இன்றைய வட்டி 160 கழித்தால் 560
வரி 25.17% போக 419
25 கோடிப் பங்கால் வகுத்தால் 16.8

300 ÷ 16.8 = 17.9. இங்கே பணவீக்கத் திருத்தமே தனியாகத் தேவையில்லை, ஏனென்றால் விகிதத்துக்கு ரூபாய் கிடையாது, விற்பனை ஏற்கெனவே இன்றைய ரூபாயில் இருக்கிறது. கடனும் வரியும் பங்கு எண்ணிக்கையும் இன்றையவை. ஒரு பங்குக்கு வந்த இந்த 16.8, இபிஎஸ் வழியில் வந்த 17.78 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. இரண்டும் வெகுதூரம் விலகினால், கம்பெனி மாறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது இரண்டாவது வழியை நம்புங்கள்.

#11 சிமெண்ட்மூட்டை

ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. சரக்கு விலை ஏறி இறங்கும் தொழிலில் விற்பனைச் சதவீதமும் ஏமாற்றும். தாமிரம், தங்கம் மாதிரி விலையை அப்படியே வாடிக்கையாளருக்குக் கடத்துகிறவர்களுக்கு, விலை இரட்டிப்பானால் விற்பனை இரட்டிக்கும், லாபம் இரட்டிக்காது. சதவீதம் பாதியாகிவிடும். அங்கே அளவுக்கு லாபம் பாருங்கள். சிமெண்டில் டன்னுக்கு எபிட்டா, ஸ்டீலிலும் அதுவே, நூற்பாலையில் கிலோ நூலுக்கு. அதை சிபிஐயால் இன்றைய ரூபாய்க்கு ஏற்றிச் சராசரி எடுத்து, இன்றைய விற்பனை டன்னால் பெருக்கிவிட்டு, தேய்மானம், வட்டி, வரியை அதே மாதிரி கழிக்கலாம்.

இதில் கவனம்: இன்றைய ரூபாயில் பார்த்தால் டன் லாபம் பத்து வருஷத்தில் மெல்ல இறங்கிக்கொண்டே வருகிறதா என்று ஒரு கோடு வரைந்து பாருங்கள். போட்டி அதிகமான இடத்தில் அப்படித்தான் இருக்கும். இறங்கும் கோட்டின் சராசரி, இன்று இருக்கும் இடத்துக்கு மேலே இருக்கும். அங்கே சராசரியை நம்பினால் நிச்சயம் அதிக விலை கொடுப்போம்.

#12 கல்லாப்பெட்டி

பங்கு எண்ணிக்கையில் ஒரு தவறு அடிக்கடி பார்க்கிறேன். மொத்த லாபத்தைப் பத்து வருஷத்துக்குக் கூட்டி, பத்தால் வகுத்து, இன்றைய பங்கு எண்ணிக்கையால் வகுப்பது. க்யூஐபி (நிறுவன முதலீட்டாளர்களுக்குப் புதுப் பங்கு), ரைட்ஸ் (இருக்கிற பங்குதாரர்களுக்குப் புதுப் பங்கு), பங்கு கொடுத்து இணைப்பு எதுவும் நடந்திருந்தால் இது தப்பு. முதல் ஐந்து வருஷம் 100 கோடி லாபம், 10 கோடிப் பங்கு. அடுத்த ஐந்து வருஷம் 200 கோடி, 20 கோடிப் பங்கு. இரண்டிலும் இபிஎஸ் 10. மொத்த லாப வழியில் போனால் 150 ÷ 20 = 7.5 வரும். பணம் போட்டு வந்த புதுப் பங்குகள், அவை கொண்டுவந்த சொத்து இல்லாத காலத்துக்கும் பங்கு கேட்பது போல ஆகிறது. ஆண்டுவாரியாக இபிஎஸ் எடுத்துத்தான் சராசரி போட வேண்டும். ரைட்ஸ் சந்தை விலைக்குக் கீழே வந்திருந்தால், அந்தத் தள்ளுபடிக்குள் இருக்கும் போனஸ் பகுதியை மட்டும் பழைய வருஷங்களுக்குத் திருத்துங்கள்.

வங்கிகளுக்கு இந்த இபிஎஸ் சராசரியே வேண்டாம் என்பேன். எஸ்பிஐயில் 2017 ஏப்ரல் முதல் துணை வங்கிகள் இணைந்தன, 2017-18-இல் தனிக் கணக்கில் ரூ.6,547 கோடி நஷ்டம். 2015-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய சொத்துத் தர ஆய்வில் வெளிவந்த பழைய வாராக்கடனுக்கான ஒதுக்கீடுகள் அந்தச் சில வருஷங்களில் குவிந்தன. கடன் கொடுத்த வருஷம் வேறு, நஷ்டம் எழுதிய வருஷம் வேறு. வங்கிக்குப் பத்து வருஷ சராசரி ஒதுக்கீட்டு விகிதத்தை எடுத்து, இன்றைய கடன் தொகையில் போட்டு, இன்றைய ஒதுக்கீட்டுக்கு முந்தைய லாபத்திலிருந்து கழிப்பதே நேரான வழி.

#13 கூட்டுவட்டி

வேகமாக வளரும் கம்பெனிக்கு?

#14 தராசுமுள்

பயன்படுத்தாதீர்கள். காரணம் வெறும் கணிதம். இபிஎஸ் பணவீக்கம் போக வருஷத்துக்கு 2 சதவீதம் வளர்ந்தால், பத்து வருஷ சராசரி கடைசி வருஷ லாபத்தில் 92 சதவீதம் இருக்கும். கேப், பிஇயைவிட 9 சதவீதம்தான் அதிகம். 15 சதவீதம் வளர்ந்தால் சராசரி வெறும் 58 சதவீதம். பிஇ 30 என்பது கேப்பில் 52 என்று காட்டும். அந்த 52-ஐ ஸ்டீல் கம்பெனியின் 17-உடன் பக்கத்தில் வைத்து 'விலை அதிகம்' என்று சொல்லும் அட்டவணைகள் பொய் சொல்கின்றன. அங்கேயும் #10-இன் விகித வழி வேலை செய்யும், இபிஎஸ் வழி செய்யாது.

#15 மலைக்கோட்டை

எல்லோருக்கும் மிக்க நன்றி. இப்போது 17.9 என்று வந்த பிறகு, அது அதிகமா குறைவா என்று எதோடு ஒப்பிடுவது? அமெரிக்காவில் நீண்டகால சராசரி 17 சுமார் என்பார்கள். கம்பெனியின் சொந்தப் பழைய சராசரியோடு ஒப்பிடலாமா?

#16 தராசுமுள்

அமெரிக்க 17 இங்கே உதவாது. அது 1881-லிருந்து எஸ் அண்ட் பி என்கிற அமெரிக்கப் பங்குக் குறியீட்டு வரிசைக்கு வந்த எண், வேறு வட்டி, வேறு வளர்ச்சி. அங்கேயே அது நேரத்தைச் சொல்லாது. 1996 டிசம்பரில் கேம்பெலும் ஷில்லரும் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வில் பங்கு விலை அதிகம் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகும் மூன்று வருஷத்துக்கு மேல் சந்தை ஏறி, கேப் 44 வரை போன பிறகுதான் திரும்பியது.

கம்பெனியின் சொந்தச் சராசரியும் பலவீனம். இருபது வருஷ டேட்டா இருந்தாலும், பத்துப் பத்து வருஷமாக ஒன்றின்மேல் ஒன்று படிந்த சாளரங்கள்தான். உண்மையில் தனித்தனியான இரண்டு எண்கள்தான் இருக்கின்றன. இரண்டை வைத்து 'வழக்கமான அளவு' என்று எப்படிச் சொல்வது?

நேரடியாக விலையைப் போட்டுப் பாருங்கள். எல்லாமே பணவீக்கம் போக. நீங்கள் எதிர்பார்க்கும் வருமானம் 8 சதவீதம், நீண்டகால வளர்ச்சி 2 சதவீதம், புதிதாகப் போடும் முதலுக்குக் கம்பெனி ஈட்டுவது 12 சதவீதம் என்று வைத்தால், 2 சதவீதம் வளர லாபத்தில் ஆறில் ஒரு பங்கை உள்ளே போட வேண்டும், 83 சதவீதம் வெளியே வரலாம். 0.833 ÷ (0.08 − 0.02) = 13.9 மடங்கு. 17.78 × 13.9 = 247 ரூபாய். உச்ச வருஷத்தை நீக்கிய 14.39 என்றால் 200. சந்தை கேட்பது 300.

இங்கே ஒரு தவறு மட்டும் செய்யாதீர்கள். 17.78 ÷ 300 = 5.9 சதவீதம் என்று எடுத்து, பத்து வருஷ அரசுப் பத்திரத்தின் வட்டியோடு ஒப்பிடுவது. 5.9 என்பது பணவீக்கம் போன பிறகான வருமானம், பத்திர வட்டி பணவீக்கம் உள்ளே இருக்கிற வருமானம். பத்திரத்தில் நீங்கள் எதிர்பார்க்கும் பணவீக்கத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

#17 உலோகச்சந்தை

மலைக்கோட்டையின் சாளரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2015-16 ஸ்டீலுக்குப் பள்ளமான காலம், உலகச் சந்தையில் விலை விழுந்து கிடந்தது. 2024-25-உம் பள்ளத்துக்குப் பக்கம். பள்ளத்தில் தொடங்கிப் பள்ளத்தில் முடிவதால் உச்சி நடுவில் முழுதாக உள்ளே வருகிறது, அது நல்லது. இதையே 2021-22-இல் முடியும்படி போட்டிருந்தால் உச்சியில் முடிந்திருக்கும். பத்து என்ற எண்ணில் மந்திரம் இல்லை. ஒரு சுற்று ஏழு வருஷம் என்றால் ஏழு போடுங்கள், பதின்மூன்று என்றால் பதின்மூன்று. தொடக்கமும் முடிவும் சுழற்சியின் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

2021-22-இன் 48 ரூபாயை முழுதாக வைப்பதா வேண்டாமா என்பதற்கும் விடை விலைப் பின்னணியில்தான் இருக்கிறது. கோவிட்டுக்குப் பிறகு உலகமே ஒரே நேரத்தில் இரும்பு கேட்டது. இங்கே விலை தாங்காமல் 2022 மே மாதம் மத்திய அரசு ஸ்டீல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது, நவம்பரில்தான் எடுத்தது. அப்படி ஒரு லாபம் வந்தால் அரசு கை வைக்கும் என்பதும் பதிவாகிவிட்டது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்று அதை முழுதாக எண்ண எனக்கு மனம் ஒப்பவில்லை. இருபது வருஷத்துக்கு ஒன்று என்று பாதி எடையில் வைப்பேன்: (129.54 + 24.1) ÷ 9.5 = 16.2.

#18 மலைக்கோட்டை

16.2 × 13.9 = 225. பேரேடு சார் சொன்ன வரித் திருத்தத்தை 2015-16 முதல் 2018-19 வரை நான்கு வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நான்கின் இன்றைய ரூபாய் கூட்டு 67.37, இதை 74.83 ÷ 65.06 என்ற விகிதத்தில் ஏற்றினால் 77.49. சுமார் 10 ரூபாய் கூடுகிறது. 9.5-ஆல் வகுத்தால் சராசரி 17.2, விலை 239. கம்பெனி அந்த நான்கு வருஷமும் முழு வரி கட்டியிருந்தால்தான் இது செல்லும் என்று பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். பராமரிப்புச் செலவுக் கழிப்பு இன்னும் போடவில்லை.

#19 பேரேடு

வரிக் குறிப்பில் ஒவ்வொரு வருஷமும் 'நடைமுறை வரி விகிதம்' ஒத்திசைவு அட்டவணை இருக்கும். அந்த விகிதத்தையே எடுங்கள், 34.94-ஐ அப்படியே போடாதீர்கள். 28 சதவீதம்தான் கட்டியிருந்தால் ஏற்றம் 15 அல்ல, 4 சதவீதம்தான். பராமரிப்புச் செலவை கம்பெனி தனியாகப் பிரித்துச் சொல்லாவிட்டால், திறன் கூடாத வருஷங்களின் மொத்த மூலதனச் செலவை மட்டும் எடுத்து டன்னுக்கு எவ்வளவு என்று பாருங்கள், அதை எல்லா வருஷத்துக்கும் வையுங்கள்.